லைட்டுக்குத் தைத்த பனியன்

நம் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்களுக்கு இதை எழுதுகிறேன்.

நான் வேலையை விட்டு நின்ற அன்று சாப்பாட்டு ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து மைக்கை என் கையில் கொடுத்தார்கள். இருபத்தாறு வருட அனுபவம், புதுப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நன்றிங்க" என்று மட்டும் வந்தது. அதுவும் மைக்கை ஆன் செய்வதற்கு முன்பே வந்துவிட்டது. சரி, பேச வராவிட்டால் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. இதில் பிழை இருந்தால், குற்றமுள்ள பீஸில் ஒட்டுகிற மாதிரி நீங்களே ஒரு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

மூன்று மாதமாக எழுதாமல்தான் இருந்தேன். போன வாரம் பி.எஃப். பாரத்தில் கையெழுத்துப் போட கம்பெனிக்கு வந்தேன். வந்தவள் பேசாமல் திரும்பியிருக்கலாம். செக்கிங் பக்கம் எட்டிப் பார்த்தேன். நாலாவது மேசைக்கு மேலே தொங்கும் லைட்டில் யாரோ ரோஸ் கலர் வேஸ்ட் துணியைக் கட்டி வைத்திருக்கிறீர்கள். கண் கூசுகிறதாம். நன்றாக இருக்கிறது நியாயம். கண் கூசுகிறது என்று கண்ணைக் கட்டிக்கொண்டா செக்கிங் பார்ப்பார்கள்? வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அந்த எரிச்சலில்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

பீஸை எப்படிப் பிடிப்பது, கழுத்திலிருந்து பார்ப்பதா கீழ் மடிப்பிலிருந்து பார்ப்பதா என்பதெல்லாம் எழுதப்போவதில்லை. அதை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் எழுதப்போவது லைட்டைப் பற்றி.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் வெள்ளை பனியன் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்திலேயே சிவப்பு பனியன்களை இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். நான் பார்த்துத் தள்ளிய வெள்ளை பனியன் கட்டுகளில் பாதி திரும்பி வந்துவிட்டது. தோள் பக்கம் லேசான ரோஸ் கறை. அத்தனை பீஸிலும் இருந்தது, என் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. எனக்கு வேலை பழக்கிய அக்கா திட்டவில்லை. வந்து அந்தச் சிவப்பு அடுக்கைக் காலால் தள்ளினார். "இப்பப் பாரு" என்றார். பார்த்தேன். கறை பளிச்சென்று தெரிந்தது. "வெளிச்சத்துலயே சாயம் ஏறியிருந்துச்சு கண்ணு. சாயம் ஏறுன வெளிச்சத்துல சாயக்கறை எங்க தெரியும்? நாம ஒண்ணும் துணிக்கடைக்காரங்க இல்ல, பனியன அழகாக் காட்டறதுக்கு. குத்தம் தெரியறதுக்குத்தான் லைட்டு" என்றார்.

இதை நான் இருபத்தாறு வருடமும் மறக்கவில்லை. மறக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வேலையின் கடைசி வருடத்தில், அதுவும் கம்பெனியில் இல்லை, பக்கத்து வீட்டு மீன் தொட்டியில், நான் கோட்டைவிட்டேன்.

ஓவர்லாக் மெஷினில் ஓரம் அடிக்கிற மேரியை உங்களுக்குத் தெரியும். அவளுடைய குரல் தெரியாதவர்கள் கம்பெனியில் இல்லை. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. லைன் வீட்டில் எனக்கு அடுத்த வாசல். வீட்டுக்காரர் தவறிய பிறகு ஒற்றை மகளைத் தைத்தே வளர்த்தாள். மகள் பெயர் ஜெனி. ஜெனி நர்சிங் படிக்கவேண்டும் என்றாள். மேரி கம்பெனியிலேயே சேரச் சொன்னாள், இல்லாவிட்டால் ஊரில் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். பெரிய சண்டை. சுவருக்கு இந்தப் பக்கம் நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஒன்றும் கேட்காத மாதிரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். ஜெனி பிரின்சிபால் காலில் விழாத குறையாக சீட் வாங்கிக்கொண்டு கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். எட்டு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வாள். அவள் விட்டுப் போன தங்கமீன் ஒன்று இங்கே இருந்தது. உள்ளங்கை அகலம், நல்ல சிவப்பு. தக்காளி என்று பெயர் வைத்திருந்தாள். போனை எடுத்ததும் "தக்காளி எப்படி இருக்கு?" என்பாள். மேரி, அது சாப்பிட்டதை, நீந்தியதை, வாலை ஆட்டியதை எல்லாம் சொல்வாள். "சரி" என்று அந்தப் பெண் வைத்துவிடுவாள். அம்மா எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கிடையாது. மேரி அதையும் குறையாகச் சொல்லவில்லை. "எக்கா, மீன் இருக்க வரைக்கும் எம்மவ எங்கூட பேசுவா. அது போதும் எனக்கு" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் சனிக்கிழமை வந்தால் அந்தத் தொட்டிக் கண்ணாடியை அவள் துடைக்கிற துடைப்பைப் பார்க்கவேண்டும்.

அப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வருகிறேன் என்று ஜெனி சொல்லிவிட்டாள். மேரிக்குத் தரையில் கால் நிற்கவில்லை. தொட்டி மூடியில் இருந்த பல்பு ஈரம் ஏறிக் கெட்டுப்போய் மாதக்கணக்காகிறது. இருட்டுத் தொட்டியை மகளுக்குக் காட்ட முடியுமா? ஜெனி எப்போதோ ஒருமுறை, தோழி வீட்டில் மூடியில்லாத தொட்டிக்கு மேலே லைட் தொங்குகிறது, பார்க்க அழகாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அவ்வளவுதான். மேரிக்கு அதே மாதிரி தொங்கும் லைட் வேண்டும். கடையில் வாங்கமாட்டாளாம். தானே செய்வாளாம்.

"உனக்கு லைட்டப் பத்தி என்ன தெரியும் மேரி?" என்றேன்.

"எக்கா, பதினெட்டு வருஷமா தொங்குற லைட்டுக்கு கீழதான உக்காந்து தைக்கேன். எனக்குத் தெரியாம வேற எவளுக்குத் தெரியும்?"

தினமும் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் பஸ் ஓட்டிவிட முடியுமா? இதை நான் மனதுக்குள்தான் சொன்னேன்.

கம்பெனியில் அப்போது தையல் லைனில் பழைய லைட்டுகளைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். மெயின்டனன்ஸ் அண்ணன் அதிலிருந்து மூன்றடி அலுமினியப் பட்டை ஒன்றை, உள்ளே எல்.இ.டி. ஒட்டினதை, ஆபீஸில் சொல்லி கேட் பாஸ் போட்டு எடுத்துக் கொடுத்தார். நல்ல மனிதர். அவரே வந்து அடாப்டர் வைத்து ஒயரும் இணைத்தார். "ஏனுங்கக்கா, தண்ணிக்கு மேல தொங்கப்போற சமாச்சாரம். கரண்ட்டு ஜோலிய மட்டும் நீங்க ரெண்டு பேரும் தொடவே கூடாதுங்க" என்றார். ஒயரை நேரே பிளக்குக்குக் கொண்டுபோகாமல், கொஞ்சம் தாழ விட்டு, பிறகு மேலே ஏற்றினார். ஏன் என்று கேட்டேன். "ஒயர் புடிச்சு தண்ணி வழிஞ்சா, தாழ்வுலயே சொட்டிப்போயிருங்க. பிளக்குக்கு ஏறாது" என்றார். அந்த வேலையில் புத்தியோடு நடந்தது அது ஒன்றுதான்.

மேரி வீட்டுக் கூரையில் ஒரே ஒரு கொக்கி. ஜெனிக்குத் தொட்டில் கட்டிய கொக்கி. அது வீட்டுக்கு நட்டநடுவில் இருக்கிறது. தொட்டியோ சுவரோரம் இருக்கிறது. நானாக இருந்தால் சுவரோரம் இன்னொரு கொக்கி அடிக்கச் சொல்லியிருப்பேன். மேரி தொட்டியை நகர்த்திவிட்டாள். பாதித் தண்ணீரை இறைத்து, மீனை ஒரு குண்டானில் விட்டு, தொட்டியை நடு வீட்டுக்கு இழுத்து, குழாயில் பிடித்த பச்சைத் தண்ணீரை ஊற்றி, மீனைத் திரும்ப விட்டாள். அடுப்படிக்குப் போகவேண்டுமானால் இனி தொட்டியைச் சுற்றித்தான் போகவேண்டும். "கோயில சுத்துற மாதிரி ஆயிப்போச்சு மேரி" என்றேன். "நாங்க சுத்தமாட்டோம்க்கா. நீங்க வேணும்னா சுத்துங்க" என்றாள்.

லைட்டைத் தொங்கவிட என்ன எடுத்தாள் தெரியுமா? எலாஸ்டிக். ஜட்டி இடுப்புக்கு வைக்கிற ஒன்றரை அங்குல எலாஸ்டிக்.

"எலாஸ்டிக் ஆவாது மேரி, எறங்கும்."

"எறங்காதுக்கா. எத்தன கிலோ ஆள் மாட்டுறான் இத."

"ஆளு மாட்டறது வேற, தொங்கறது வேற."

"நீங்க சும்மா அளவப் பாருங்க."

என் டேப்பை எடுத்து அளந்தேன். தண்ணீருக்கு மேல் சரியாக ஒரு முழம். இரண்டு முனையும் மட்டம். செக்கிங் மேசை லைட் மாதிரியே, நிழல் விழாமல் அருமையாக நின்றது. மேரி கைதட்டினாள். நான் அந்த அளவைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனே, அந்தப் புத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது? துணி வந்தவுடனே அளந்தால் அது பொய் அளவு, பிரித்துப் போட்டு ஆறவிட்டுத்தான் அளக்கவேண்டும் என்று கட்டிங்கில் புதிதாக வருகிறவனுக்குக்கூடத் தெரியும். எலாஸ்டிக்கைத் தொங்கவிட்ட சூட்டோடு அளந்துவிட்டு மட்டம் என்று சொன்னவள் நான். மறுநாள் காலையில் மேரி சுவரைத் தட்டினாள். போய்ப் பார்த்தால் லைட் நாலு விரற்கடை இறங்கியிருக்கிறது, ஒரு பக்கம் மட்டும். தண்ணீரை எட்டிப் பார்க்கிற மாதிரி சாய்ந்து நிற்கிறது. தக்காளி அதற்கடியில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

அடுத்து டோரி. ஹூடி கழுத்தில் வருமே, அந்தக் காட்டன் கயிறு. அது இறங்கவில்லை. ஆனால் நாலு முனையும் நனைந்து, ஈரம் கயிற்றோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. முடிச்சுக்குக் கீழே நீளமாகத் தொங்கிய கயிறு நுனி, மேரி தொட்டியைக் கழுவும்போது தண்ணீரில் தொட்டிருக்கிறது. காட்டன் தண்ணீரை இழுக்கும் என்று காட்டனிலேயே பிழைக்கிற இரண்டு பொம்பளைகளுக்குத் தோன்றவில்லை. கம்பெனியில் கிடைக்கிற சாமானை விட்டு எங்கள் புத்தி வெளியே போகவே இல்லை. கடைசியில் மெயின்டனன்ஸ் அண்ணன், பூந்தொட்டி மாட்டுகிற துருப்பிடிக்காத சங்கிலி இரண்டு வாங்கிவந்து, ஐந்து நிமிடத்தில் மாட்டிவிட்டுப் போனார். சிரிக்கக்கூட இல்லை. சிரித்திருந்தால் தேவலை.

லைட் நின்றது. வெள்ளை வெளிச்சம். தொட்டியில் கல் எத்தனை என்று எண்ணலாம். அந்த வெளிச்சத்தில், சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும் முன், நான் மீனைப் பார்த்தேன். வால் பக்கம் ஒரு வெள்ளைப் புள்ளி. உப்புக்கல்லில் கால்வாசி இருக்கும். துணியில் முடிச்சு நிற்குமே, அந்த மாதிரி. காற்றுக்குமிழாக இருக்கும் என்று ஒரு மனசு சொன்னது. இன்னொரு மனசு, குமிழ் என்றால் நகரவேண்டுமே என்றது. மீன் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு திரும்பியது. கம்பெனி வேன் வந்துவிட்டது. போய்விட்டேன்.

மேரிக்கு அந்த வெளிச்சம் பிடிக்கவில்லை. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குக்கா. மீன் வெளுத்துத் தெரியுது. எம்மவ பாத்தா நான் சோறு போடலன்னு நெனைப்பா" என்றாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சிவப்பு நெட் துணி வேஸ்டில் ஒரு துண்டை எடுத்து, ஓவர்லாக் அடித்து, இரண்டு முனையிலும் மெல்லிய எலாஸ்டிக் வைத்து, அந்த லைட்டுக்கு ஒரு உறை தைத்துவிட்டாள். உறை என்றா சொல்வது? பனியன் என்றுதான் சொல்லவேண்டும். கை மட்டும்தான் இல்லை. தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. நானே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி லைட்டுக்கு மாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் லைன் வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டு ஸ்விட்சைப் போட்டாள். உண்மையைச் சொல்லவேண்டும், அழகாகத்தான் இருந்தது. மீன் கனல் மாதிரி எரிந்தது. பத்து வீட்டுப் பெண்களும் "ஐயோ" என்றார்கள். ஒரு பெண் போனில் படம் எடுத்தாள். மேரியின் முகத்தைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் அதில் அப்படி ஒரு மலர்ச்சியைப் பார்க்கவில்லை.

நான் அந்தப் புள்ளியைத் தேடினேன். காணோம். வாலில் இல்லை, முதுகில் இல்லை. சுத்தமான மீன். எனக்குச் சட்டென்று அந்தச் சிவப்பு பனியன் அடுக்கு நினைவுக்கு வந்தது. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பும் சிவப்பு, வெள்ளையும் சிவப்பு. குற்றம் போகவில்லை, தெரியவில்லை. அவ்வளவுதான். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த இடத்தில் நின்றுகொண்டு என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

பத்துப் பேர் நடுவில் வாயைத் திறக்க எனக்குக் கூச்சம். மேரியின் சந்தோஷத்தில் தண்ணீர் ஊற்றவும் மனம் வரவில்லை. என் பையில் அம்புக்குறி ஸ்டிக்கர் தாள் எப்போதும் இருக்கும். ஒன்றைக் கிழித்து, மீனின் வாலுக்கு நேராகக் கண்ணாடியில் ஒட்டினேன். இருபத்தாறு வருடமாக நான் பேசிய பேச்செல்லாம் அந்த ஸ்டிக்கர்தான். குற்றம் இருக்கும் இடத்தில் ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுப்பேன். மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பனியன் ஓடாது. மீன் ஓடிவிட்டது. நான் கையை எடுப்பதற்குள் அது தொட்டியின் அந்தக் கோடிக்குப் போய்விட்டது. அம்புக்குறி வெறும் தண்ணீரைக் காட்டிக்கொண்டு நின்றது.

மேரி பார்த்துவிட்டாள். "எக்கா! எம்மீனையும் ரிஜெக்ட் பண்ணிட்டியளா?" என்று சத்தம் போட்டுச் சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்டிக்கரை உரித்து என் நெற்றியில் ஒட்டினாள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு என் வீட்டுக்குப் போய்ச் சோறு வடித்தேன்.

வியாழக்கிழமை காலை சுவரைத் தட்டும் சத்தம். எலாஸ்டிக் அன்று தட்டிய தட்டு இல்லை இது. போனேன். மீன் அடியில் கல்மேல் படுத்திருக்கிறது. வாய் மட்டும் அசைகிறது. மேரி, "ரெண்டு நாளா தீனி எடுக்கலக்கா. ஆனா பாருங்க, எவ்வளவு செவப்பா இருக்கு! நோய் வந்த மீன் இப்படியா இருக்கும்?" என்கிறாள். நான் ஸ்டூலில் ஏறி அந்தப் பனியனை உருவினேன்.

உடம்பு முழுக்க உப்புத் தூவின மாதிரி இருந்தது.

மேரி தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜெனி ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். இடையில் இரண்டு நாள். வெளியே கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. ஷிப்மென்ட் வாரம், லீவு கிடையாது.

மேரிதான் முதலில் எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எக்கா, சாயங்காலம் மீன் கடைக்குப் போவோம். இதே சைஸ்ல ஒண்ணு எடுத்துருவோம்."

"ஜெனிக்குத் தெரிஞ்சுரும் மேரி. அது வேற லாட்டு, வேற சாயத்துல நனைச்ச துணியாட்ட. கலர் மாறும்."

"அதுக்குத்தானக்கா இந்தப் பனியனு" என்றாள். என் கையிலிருந்த சிவப்புத் துணியைக் காட்டினாள். "இத மாட்டிட்டா எந்தச் செவப்பும் ஒண்ணுதான். ரெண்டு நாளுதான இருக்கப்போறா?"

இவள் முட்டாள் இல்லை. அந்தத் துணி என்ன செய்கிறது என்று என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டாள். ஹாரன் இரண்டாம் முறை அடித்தது.

"அவளுக்குப் போன் போடு மேரி. இருக்கறதச் சொல்லு."

"சொல்லிட்டு? சொல்லிட்டு நான் என்ன செய்ய? எக்கா, அவ எங்கூடயா பேசுதா? மீன்கூடல்லா பேசுதா! மீன் போச்சுன்னா எனக்கு என்ன இருக்கு? சொல்லுங்க. உங்களுக்கென்ன, ஸ்டிக்கர ஒட்டிட்டுப் போயிருவிய."

அது சரியான இடத்தில் குத்தியது. ஒட்டிவிட்டுப் போனவள்தானே நான்?

வேனில் இருந்து யாரோ என் பெயரைக் கூப்பிட்டார்கள். இப்போது ஓடினால் வேனைப் பிடித்துவிடலாம். மேரி வீட்டு விவகாரம் மேரியோடு போகும். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். அந்த அரை நிமிடம் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுத வரவில்லை. கை தானாகப் போய் மேரியின் போனை எடுத்தது. ஜெனி பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து அமுக்கினேன். மேரி பிடுங்க வந்தாள். நான் தொட்டிக்கு அந்தப் பக்கம் போனேன். நடு வீட்டில் தொட்டியை வைத்ததில் நடந்த ஒரே நல்லது அது. அவள் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம்.

"தக்காளி எப்படி இருக்கு?" என்றது போன்.

"கண்ணு, நாஞ் சரசுப் பெரிம்மா பேசறேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "தக்காளிக்கு ஒடம்பு செரியில்ல சாமி. மேலெல்லாம் வெள்ளப் புள்ளி. படுத்துக்கெடக்குது. போன வாரமே எங் கண்ணுல பட்டுச்சு. அப்பறம் லைட்டுக்குச் செவப்புத் துணி மாட்டுனதுல தெரியாமப் போச்சு, நாஞ் சொல்லல. தப்பு எம்பேர்லதான். உங்கம்மாவத் திட்டாத. உனக்குப் புடிக்கும்னு ராவும் பகலுமா லைட்டு செஞ்சா. தொட்டிய நகத்துனா. எல்லாம் உனக்காகத்தான். நீ மீன மட்டும் கேக்கற. உங்கம்மாளுக்கு முட்டி வலி, நிக்க முடியறதில்ல. அதயும் ஒரு நாளைக்குக் கேளு."

இவ்வளவும் ஒரே மூச்சில் வந்தது. கடைசியில் வந்த முட்டி வலிப் பேச்சைச் சொல்லவேண்டும் என்று நான் போனை எடுக்கவே இல்லை. மேரி நின்ற இடத்திலேயே நின்றாள். வேன் போய்விட்டது.

பிறகு ஜெனி கேள்வி கேட்க ஆரம்பித்தாள். குரல் மாறிவிட்டது. எத்தனை நாளாகத் தீனி எடுக்கவில்லை, செவுள் வேகமாக அடிக்கிறதா, தண்ணீர் எப்போது மாற்றினீர்கள்? "பச்சத் தண்ணிய அப்படியே ஊத்துனீங்களா? வெதுவெதுப்பு பாக்கலயா?" என்றாள். இல்லை என்றேன். "கல் உப்பு போடுங்க, நான் அளவு சொல்றேன். வெள்ள லைட்ல போட்டோ எடுத்து அனுப்புங்க. சிவப்புத் துணிய மறுபடி மாட்டாதீங்க." அப்புறம் நிறுத்தி, "போன அம்மாகிட்டக் குடுங்க பெரிம்மா" என்றாள்.

கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். என்ன பேசினார்கள் என்று தெரியாது. சுவருக்கு இந்தப் பக்கம் வந்தும் அன்று நான் காது கொடுக்கவில்லை.

ஜெனி ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானமே மீன் மருந்தோடு வந்து இறங்கினாள். வந்ததும் அம்மாவைப் பார்க்கவில்லை, தொட்டியைப் பார்த்தாள். பிறகு மூலையில் கிடந்த பனியனைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தாள்.

"என்னம்மா இது? லைட்டுக்கு எதுக்கு பனியன்?"

"ஏட்டி, அதுக்குக் குளிரும்லா" என்றாள் மேரி.

அந்தப் பெண் சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருந்தவர்கள் எப்போது அழ ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு நாளும் அம்மாவும் மகளும் தொட்டியைவிட்டு நகரவில்லை. தண்ணீரைக் கையால் தொட்டுத் தொட்டு வெதுவெதுப்புப் பார்த்து ஊற்றினார்கள். உப்புப் போட்டார்கள், மருந்து போட்டார்கள். வெள்ளை லைட்டுக்குக் கீழே புள்ளிகளை எண்ணினார்கள். மீன் பிழைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சுக்குக் கிளம்பும் முன் போய்விட்டது. ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும் என்று ஜெனி சொல்லவில்லை. நர்சிங் படிக்கிற பெண், எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்திருக்கிறது. அவள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை அவள் ஹாஸ்டலுக்குப் போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மேரி என் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டாள். போன் மடியில் இருந்தது. அதைப் பார்க்காத மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மீன் இல்லை. இனி எதைக் கேட்க அந்தப் பெண் கூப்பிடப்போகிறாள்? இரண்டு பேருக்கும் அதுதான் மனதில் ஓடியது. இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. வழக்கமாகக் கூப்பிடும் நேரம் தாண்டியது. மேரி உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்தாள்.

போன் அடித்தது. மேரியின் கை ஈரம், ஸ்பீக்கரை அமுக்கிவிட்டாள்.

"அம்மா, லைட்டு நேரா நிக்குதா? இல்ல, மறுபடி எறங்கிருச்சா?"

மேரி போனை என் பக்கம் நீட்டினாள். நான்தான், "நேரா நிக்குது கண்ணு. நாந் தெனமும் அளக்கறேன்" என்றேன்.

"முட்டி எப்படிம்மா இருக்கு?" என்றது போன்.

இப்போது அந்தத் தொட்டியில் புது மீன் இருக்கிறது. ஜெனி அடுத்த தடவை வந்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வாங்கினாள். கறுப்பு மீன். சிவப்பு வேண்டாம் என்று மேரி சொல்லிவிட்டாளாம். தொட்டி இன்னும் நடு வீட்டில்தான் இருக்கிறது. யார் நகர்த்துவது? லைட் வெள்ளையாகவே எரிகிறது. கண் கூசத்தான் செய்கிறது.

நாலாவது மேசைப் பெண்ணே, உன் பெயர் எனக்குத் தெரியாது. போன வாரம் நீ கட்டிய அந்த ரோஸ் துணியைப் பார்த்தேன் என்று முதலிலேயே எழுதினேன். அதற்குப் பிறகு என்ன செய்தேன் என்று எழுதவில்லை. உனக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். நீ காதில் பாட்டு வைத்துக்கொண்டு பீஸ் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் தோளைத் தொட நினைத்தேன், கூச்சமாக இருந்தது. மேசை ஓரத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, அம்பை மேலே லைட்டைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன். மீன் விஷயத்தில் அத்தனை பட்டும் அதே வேலையைத்தான் செய்திருக்கிறேன். நீ அதைப் பார்த்திருக்கமாட்டாய். துடைக்கும்போது குப்பையோடு போயிருக்கும்.

அதனால் இப்போது சொல்கிறேன். அந்தத் துணியை அவிழ்த்துவிடு.